மி.மி.அ.

ஜூலை 10, திங்கள்

ரத்த அழுத்தம் நூற்றறுபதுக்கு நூறு. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, கோபம் வந்தால் வாயால் காட்டாமல் ஒரு நோட்டில் எழுதிவிடச் சொன்னார். அவருக்கு என்ன, ஏசி அறையில் ஒரு நேரத்துக்கு ஒரு ஆள். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் நாற்பத்திரண்டு பெண்பிள்ளைகளை ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்துப் பின்னக் கணக்கு நடத்திப் பார்க்கட்டும், அவருக்கும் நோட்டு தேவைப்படும். என் கோபத்தை எழுதுவதென்றால் இந்த டைரி ஆடி முடிவதற்குள் தீர்ந்துவிடும். சரி, எழுதுகிறேன்.

இன்றைய கோபம் சாரதாமணி. கோபிப் பக்கமிருந்து எங்கள் ஊருக்கு மாறுதலில் வந்திருக்கிற சமூக அறிவியல் டீச்சர். முப்பத்திரண்டு வயது. வந்து மூன்று வாரம் ஆகிறது. பிள்ளைகளிடம் அவள் பேசுவது இப்படி: "வாங்க சாமி, உக்காருங்க. வீட்டுப்பாடம் முடிச்சுட்டீங்களா?" பதின்மூன்று வயதுக்கு வாங்க, போங்க. நான் பத்தொன்பது வருடமாக இந்தப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன், ஒருத்தியையும் நீங்க என்று கூப்பிட்டதில்லை, ஒருத்தியும் கெட்டுப்போகவில்லை. எனக்கு மிளகாய்வத்தல் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். நான் வராந்தாவில் நடந்தால் மூன்று வகுப்பு அடங்குகிறது.

என் வகுப்பில் ஒரு முறை உண்டு. நான் இல்லாத நேரத்தில் வகுப்புத் தலைவி ரிஸ்வானா கரும்பலகை ஓரத்தில் கோடு கிழித்து, 'அடங்காதவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவாள். எழுதிய பிறகும் அடங்கவில்லை என்றால் பெயருக்குப் பக்கத்தில் 'மி.அ.' மிகவும் அடங்கவில்லை. அதற்கும் மேலே போனால் 'மி.மி.அ.' மிக மிக அடங்கவில்லை. நான் படித்தபோதும் இதேதான். சாரதாமணி அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, "இதென்னங்க டீச்சர், புள்ளைங்க வாங்குன பட்டமுங்களா?" என்று கேட்டாள். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஜூலை 11, செவ்வாய்

சிலிண்டர் இன்றும் வரவில்லை. மாத்திரை போட்டேன். கோபம் எதுவும் இல்லை, சிலிண்டர்காரன் மேல் இருப்பதைத் தவிர.

ஜூலை 12, புதன்

மாணவிகள் விவரத்தை ஆன்லைனில் ஏற்ற இன்றுதான் கடைசி நாளாம். தலைமையாசிரியை புஷ்பலதா மேடம் மூன்றாவது பீரியடில் என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார். திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் ஒன்பது பேர்தான் ஏறினார்கள். போதாததற்கு, உங்கள் வகுப்புச் சத்தம் கேட் வரைக்கும் கேட்கிறது என்று நாலு பேர் முன்னால் சொன்னார். என் வகுப்பை.

திரும்பிப் போனால் சந்தைக்கடை. பலகையில் ஐந்து பெயர். நாலு பெயர் சும்மா இருந்தது. ஐந்தாவது: மு. சங்கரேஸ்வரி – மி.மி.அ. மூன்றாவது பெஞ்சில் வலது ஓரம், ஜன்னல் பக்கம் உட்காருகிற பிள்ளை. அப்பா இல்லை, அம்மாவுக்கு நூல் மில்லில் வேலை. முன்னால் கூப்பிட்டேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு தட்டுத் தட்டினேன். வகுப்பு அடங்கியது. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து வத்தக்குழம்பு வைத்தேன். உப்பு கூடிவிட்டது. வலது கை எரிந்துகொண்டே இருந்தது. மிளகாய் கிள்ளியதால் இருக்கும்.

ஜூலை 13, வியாழன்

இன்று மனசு குளிர்ந்தது. எங்கள் வகுப்புக்கும் பக்கத்து வகுப்புக்கும் நடுவே மூங்கில் தட்டிதான் தடுப்பு, அங்கே பேசுவது இங்கே கேட்கும். கடைசிப் பீரியடில் அங்கே சாரதாமணி. எவளோ ஒருத்தி அவளைப் போலவே "ஏனுங்க, ஏனுங்க" என்று இழுத்துப் பேசிக் காட்ட, வகுப்பே கூத்தடித்தது. கடைசியில் நீங்க-வாங்க டீச்சரே "வாயை மூடித் தொலைங்கடி" என்று கத்திவிட்டாள். மரியாதை மூன்று வாரம் தாங்கியது என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரித்தேன்.

சங்கரேஸ்வரி வரவில்லை. மி.மி.அ. வாங்கினவர்கள் மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வது வழக்கம்தான்.

ஜூலை 14, வெள்ளி

சாரதாமணி இன்று என்ன செய்தாள் தெரியுமா? மன்னிப்புக் கேட்டாள். பிள்ளைகளிடம். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன், அந்தப் பக்கம் அவள் குரல் கேட்கிறது.

"நேத்து நானு உங்கள மரியாதையில்லாம பேசிப்போட்டனுங்க. நீங்க சத்தம் போட்டது தப்பு. அதுக்காக நானு அப்படிப் பேசுனதும் தப்பு. என்னோடத நான் சொல்லிட்டேன். உங்களோடத நீங்க யோசிங்க."

அப்புறம் ஒரு பெஞ்ச் நகர்ந்தது. "நாந்தான் டீச்சர் பேசிக் காட்டுனேன்" என்று ஒரு பிள்ளை தானாக எழுந்து சொன்னது. அடி இல்லை, முட்டி போடுவது இல்லை. நேற்று வீணாய்ப்போன பாடத்தை எப்படி ஈடுகட்டலாம் என்று அந்தப் பிள்ளையிடமே யோசனை கேட்டாள். அது திங்கட்கிழமைக்குள் ஆறுகள் படத்தைச் சுவர் அளவுக்கு வரைந்து வருவதாகச் சொன்னது. முடிந்தது விவகாரம். டீச்சர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதென்றால் சாக்பீஸையும் அதன் கையிலேயே கொடுத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாம். எனக்கு அவ்வளவு எரிச்சல். என் பக்கத்துப் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டுத் தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் புஷ்பலதா மேடம் கூப்பிட்டார். சங்கரேஸ்வரிக்குக் காது வலியாம், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்களாம். அடித்தீர்களா என்று கேட்டார். லேசாகத் தட்டினேன் என்றேன். திங்கட்கிழமை அம்மாவோடு வரச் சொல்லியிருக்கிறாராம்.

விஷயத்தைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் கதிரேசன், "லேசான்னா எப்படி?" என்று மட்டும் கேட்டார். தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். சத்தமாக வைத்துவிட்டேன் போல.

ஜூலை 16, ஞாயிறு

காய் வாங்கப் போனேன். கத்தரிக்காய் முற்றல், முருங்கைக்காய் பரவாயில்லை. அப்படியே மில் காலனிப் பக்கம் வண்டியை விட்டேன். சந்தைக்கும் மில் காலனிக்கும் என்ன சம்பந்தம் என்று கதிரேசன் கேட்பார், அதனால் அவரிடம் சொல்லவில்லை.

சங்கரேஸ்வரி வீட்டு வாசலிலேயே தெருக்குழாய். சுற்றிலும் பச்சையாகப் பாசி. இங்கே வழுக்கி விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று அவள் அம்மா மாரிக்கனியிடம் சொன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன். புகார் அது இது என்று போனால் பெண்பிள்ளை பேர்தான் நாலு இடத்தில் அடிபடும் என்று நல்லதாக நாலு வார்த்தை சொன்னேன். டி.சி.யில் நடத்தை என்று ஒரு வரி இருக்கிறது, அதை வகுப்பாசிரியர்தான் எழுதுகிறோம் என்பதும் பேச்சோடு பேச்சாக வந்தது. ஒரு தகவலுக்காக. மாரிக்கனி காபி போடட்டுமா என்றாள். பிள்ளை உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஜூலை 17, திங்கள்

புஷ்பலதா மேடம் அறையில் விசாரணை. மாரிக்கனியை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், அவள் உட்காரவில்லை. இரவு ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருந்தாள், தலைமுடியில் பஞ்சு. "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மத்ததை உரிச்சிருங்க டீச்சர்னு நாந்தான் சொல்லிச் சேத்துவிட்டேன்" என்றாள். யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

சங்கரேஸ்வரியின் இடது காதில் பஞ்சு வைத்திருந்தார்கள். என்ன நடந்தது என்று மேடம் கேட்டார். "கொழாயடில வழுக்கி விழுந்துட்டேன் மேடம்" என்றாள். தரையைப் பார்த்து, மனப்பாடப் பாட்டு ஒப்பிப்பது போல. மேடம் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, அதையே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

விஷயம் முடிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். இவ்வளவு சுளுவாகப் பொய் சொல்கிறதே இந்தப் பிள்ளை. கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை, டீச்சர் அடித்தார் என்று சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அதற்குக்கூட வழி விடவில்லை. வரும் வழியில் ஒரு ஆட்டோக்காரனைத் திட்டினேன். தப்பு அவன் மேல் இல்லை.

ஜூலை 19, புதன்

சங்கரேஸ்வரி வகுப்புக்கு வந்தாள். நன்றாக அடங்கியிருக்கிறாள்.

ஜூலை 20, வியாழன்

இடம் மாறி உட்கார்ந்திருக்கிறாள். வலது ஓரத்துப் பிள்ளை இடது ஓரத்தில். என்னைக் கேட்காமல் என் வகுப்பில் யார் மாற்றியது என்று கேட்டேன். சாரதாமணி டீச்சர் என்றார்கள். "எந்தப் பக்கம் உக்காந்தா உங்களுக்குச் சௌகரியம்னு கேட்டாங்க டீச்சர்" என்று ரிஸ்வானா விளக்கம் வேறு சொன்னாள். பிள்ளையின் சௌகரியத்தைக் கேட்டு நாற்காலி போட இது கல்யாண வீடா?

இந்த லட்சணத்தில், கணக்கு நடத்தும்போது பக்கத்தில் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், திரும்பவே இல்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டேன். அப்போதும் பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். திமிர். மூன்றாவது தடவை கத்தினேன், வகுப்பே எழுந்து நின்றது.

பீரியட் முடிந்து வெளியே வந்தால் வராந்தாவில் சாரதாமணி. சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை. "அவங்களுக்கு அந்தப் பக்கக் காது கேக்கறதில்லைங்க டீச்சர். செவிப்பறை கிழிஞ்சு போச்சாமுங்க. அதான் எல்லாரும் வலது பக்கம் இருக்கற மாதிரி உக்கார வெச்சேன். உங்ககிட்டக் கேட்டுப்போட்டுச் செஞ்சிருக்கோணும், தப்புத்தானுங்க."

இவளுக்கு மன்னிப்புக் கேட்பது ஒரு வியாதி.

ஜூலை 21, வெள்ளி

தலைவலி. தோசை மாவு புளித்துவிட்டது. எழுத எதுவும் இல்லை.

ஜூலை 24, திங்கள்

இடைவேளையில் ரிஸ்வானாவைத் தனியாக அழைத்தேன். அன்றைக்கு சங்கரேஸ்வரி அப்படி என்னதான் பேசினாள் என்று கேட்டேன். மி.மி.அ. என்றால் சும்மாவா.

"அவ பேசல டீச்சர். ரப்பர் கீழ விழுந்துச்சு, குனிஞ்சு எடுத்தா. பின்னாடி திரும்பிப் பேசுறான்னு நெனச்சுப் பேரு எழுதிட்டேன். 'நான் பேசல'ன்னு சொன்னா. ஒரு மி போட்டேன். மறுபடியும் 'நான் பேசல'ன்னா. இன்னொரு மி போட்டேன்."

பேசவில்லை என்று சொன்னதற்கு எதற்கு மி என்று கேட்டேன்.

"நீங்கதான டீச்சர் சொல்லிருக்கீங்க, எதுத்துப் பேசுனா மி போடணும்னு."

தோளிலிருந்து நழுவிய சேலையைச் சரிசெய்யக் கையைத் தூக்கினேன். ரிஸ்வானா சட்டென்று இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளை. இரண்டு வருடமாக என் சாக்பீஸ் பெட்டியைச் சுமக்கிற பிள்ளை.

போ என்றேன். போனாள்.

ஜூலை 26, புதன்

புஷ்பலதா மேடம் ஒரு யோசனை வைத்திருக்கிறார். ஊரில் கசமுசா என்று பேச்சு வர ஆரம்பித்துவிட்டதாம். சங்கரேஸ்வரிக்கு டி.சி. கொடுத்து வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டால் பள்ளிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது என்றார். அடுத்த பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அவ்வளவு தூரம் பெண்பிள்ளையை அனுப்ப மாட்டேன், வீட்டோடு இருக்கட்டும் என்று மாரிக்கனி சொல்லிவிட்டாளாம். அது அவர்கள் முடிவு, நாம் என்ன செய்ய முடியும் என்றார் மேடம். டீ வந்தது. குடித்தோம்.

ஆக, படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. டி.சி. படிவம் என் பைக்குள் இருக்கிறது. எல்லாம் நிரப்பியாகிவிட்டது. ஒரு வரி மட்டும் பாக்கி. 'மாணவியின் நடத்தையும் பண்பும்.' வெள்ளிக்கிழமை காலையில் வேண்டுமாம்.

ஜூலை 27, வியாழன்

பேனாவை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். 'நன்று' என்று எழுதினால் நல்ல பிள்ளையை எதற்கடி அனுப்புகிறாய் என்று அந்தத் தாளே கேட்கும். 'திருப்தி' என்று எழுதலாம், எல்லாரும் எழுதுகிறோம். யாருக்குத் திருப்தி?

இந்த டைரியை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். பன்னிரண்டாம் தேதி, 'ஒரு தட்டுத் தட்டினேன்' என்று எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத டைரியில்கூட எனக்கு உண்மை எழுத வரவில்லை. கதவைத் தட்டுவார்கள், முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். நான் அறைந்தேன். முழுக்கையையும் வீசி இடது கன்னத்தோடு காதைச் சேர்த்து அறைந்தேன். அவள் பக்கத்து மேசையில் போய் மோதினாள். கை எரிந்தது மிளகாயினால் இல்லை.

அவள் வாயைத் திறந்தாள் என்றும் எழுதியிருக்கிறேன். என்ன சொன்னாள் என்று எழுதவில்லை. எனக்குத் தெரியும். "நான் பேச" வரைக்கும் வந்தது. "ல" வருவதற்குள் என் கை போய்விட்டது.

குழாயடியும் அவள் பொய் இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காயோடு போய் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்த பொய். என் பாடத்தை என்னிடமே ஒப்பித்தாள், நான் அவளைப் பொய்க்காரி என்று இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தூ.

கம்ப்யூட்டர் மேல் கோபம், மேடம் மேல் கோபம். அவர்களை நான் அறையவில்லையே. அவர்களிடம் "சரிங்க மேடம்" என்றுதான் சொன்னேன். திருப்பி அடிக்க முடியாத ஆளைப் பார்த்துத்தான் என் கோபம் இத்தனை வருடமும் வந்திருக்கிறது. வராந்தாவில் மூன்று வகுப்பு அடங்கியதில் எனக்கு என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது?

கதிரேசனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சஸ்பெண்ட் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றேன். அவர் எழுந்து உள்ளே போனார். பிறகு வெள்ளைத்தாள் எடுத்துவந்து கொடுத்துவிட்டு, "தெளிவா எழுது" என்றார்.

ஜூலை 28, வெள்ளி

முதலில் தபால் நிலையம். இரவு எழுதியதில் ஒரு பிரதியைக் கல்வி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு, இன்னொன்றை மேடம் மேசையில் வைத்தேன். மேடம் இரண்டு தடவை படித்தார். இதை நான் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன், எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். தபாலில் போய்விட்டது என்றேன். உங்களுக்கு ஏன் டீச்சர் இந்த வேண்டாத வேலை என்றார். டி.சி. படிவத்தையும் அந்த ஒரு வரி காலியாகவே திருப்பிக் கொடுத்தேன். விசாரணை என்று வந்துவிட்டால் பிள்ளையை அனுப்ப முடியாது, அது அவருக்கும் தெரியும். படிவத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார், என்னைப் பார்க்காமல்.

மாரிக்கனிக்கு மில்லுக்கே போன் செய்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தறி மாதிரி ஏதோ இரைச்சலுக்கு நடுவே அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "எம் பிள்ளை ஒரு வாரமா எங்கிட்டயே பேசல டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

'பி' பிரிவில் சாரதாமணியின் பீரியட். ஐந்து நிமிடம் வேண்டும் என்று கேட்டேன். "உங்க வகுப்புங்க டீச்சர்" என்று வாசல் பக்கம் ஒதுங்கி நின்றாள். என்னைப் பார்த்ததும் நாற்பத்திரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். "உக்காருங்க" என்றேன். அந்த 'ங்க' என் வாயில் கல் மாதிரி உருண்டது. பின்பெஞ்சில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. அதை விழுங்கிக்கொண்டு மூன்றாவது பெஞ்சுக்குப் போனேன்.

நடைபாதை ஓரமாக, அவள் பக்கத்தில் நின்று, வீட்டில் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். குரல் எழும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் சொல்லி முடித்து நிமிர்ந்தேன். சங்கரேஸ்வரி பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பிள்ளை இடித்த பிறகுதான் என்னைப் பார்த்துவிட்டுப் பதறி எழுந்தாள்.

"என்ன டீச்சர்? கேக்கல. இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க."

அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. வலது பக்கத்தைக் கையால் காட்டினாள், அவ்வளவுதான். அந்தப் பெஞ்சில் இருந்த நாலு பிள்ளைகளும் எழுந்து வெளியே வந்து வழி விட்டார்கள். நான் முன்பெஞ்சைச் சுற்றிக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்க, அவளுடைய வலது பக்கம் போய் நின்றேன். மறுபடி முதலிலிருந்து சொன்னேன், இந்தத் தடவை தட்டிக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி.

"சங்கரேஸ்வரி, பன்னெண்டாம் தேதி நான் உங்கள அறைஞ்சேன். நீங்க கொழாயடில விழல. அந்தப் பொய்யை உங்க வீட்டுக்கு வந்து சொல்லிக் குடுத்ததும் நாந்தான். உங்க காது போனது என்னாலதான். இத நான் எழுதிக் குடுத்துட்டேன். நீங்களும் யாரு கேட்டாலும் நடந்ததைச் சொல்லுங்க."

அவள் அழவில்லை. பரவாயில்லை டீச்சர் என்றும் சொல்லவில்லை. கட்டியிருந்த கையைப் பிரித்துத் தொங்கவிட்டாள். கொஞ்ச நேரம் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்புறம் வாயைத் திறந்தாள்.

"நான் பேச" என்றாள். நிறுத்தினாள். நான் அசையாமல் நின்றேன்.

"ல" என்றாள்.